கள்ளக்குரலுக்கு ஒரு டூயட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 46. செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறேன். பாட்டு முறையாகப் படித்ததில்லை. ஆனால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யார் வீட்டு விசேஷம் என்றாலும் கராவோக்கே மைக் கடைசியில் என் கைக்குத்தான் வரும். டிஎம்எஸ் பாட்டு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கொஞ்ச நாளாக ஓர் ஆசை. மேலே போய் மெல்லிசாகப் பாடுகிறார்களே, ஃபால்செட்டோ, அதைப் பிடிக்க வேண்டும். லோரியில் தனியாகப் போகும்போது போனில் டிராக் போட்டுப் பழகுகிறேன். பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்', அப்புறம் இங்கே எல்லாரும் பாடும் 'இசபெல்லா'. இரண்டிலும் ஓர் இடம் வந்ததும் குரல் சேவல் கூவியதுபோல் உடைந்துவிடுகிறது. மறுநாள் தொண்டை வலி. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் துணிந்து பாடினேன். "மாமா, அத்தை குரலத் திருடிட்டாரு!" என்று மச்சான் மகன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மனசு கொஞ்சம் விட்டுப்போச்சு.

எந்தப் பாட்டை வைத்துப் பழகலாம்? தீபாவளிக்கு அப்புறம் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அதற்குள் முடியுமா? பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சான் மகன் தெரியாமலே சரியான வார்த்தையைத் தொட்டிருக்கிறான். இந்தக் குரலுக்கு நம் பாட்டு வாத்தியார்கள் வைத்த பெயரே கள்ளக்குரல்தான். அவர்கள் வாயில் அது திட்டு. தொண்டையைத் திறந்து பாடாமல் ஏய்க்கிறான் என்று பொருள். டிஎம்எஸ் கேட்டு வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் காதுக்கும் அதே எண்ணம்தான், ஆம்பிளைக் குரல் என்றால் நெஞ்சிலிருந்து கணீரென்று வரவேண்டும். அதனால் அந்தச் சிரிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேவல் எங்கே கூவுகிறது என்பதை முதலில் பார்ப்போம். சாதாரணமாகப் பாடும்போது குரல்நாண்கள் தடிமனாக, முழுசாகச் சேர்ந்து அதிரும். கள்ளக்குரலில் அவை இழுபட்டு மெலிந்து, ஓரம் மட்டும் அதிரும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும், அதனால்தான் அந்தக் காற்று கலந்த சத்தம். மூச்சு சீக்கிரம் தீர்வதும் அதனால்தான். (1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். அந்த வேலையை ஒரு பாட்டுக்காரர் செய்தார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.) ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு, மேல் ஸட்ஜத்தைத் (ஸ) தாண்டி ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவில் எங்கோ இந்த மாற்றம் நடக்கும். தடித்த நாணை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் தாங்காமல் சட்டென்று மெலியும். நீங்கள் கேட்ட சேவல் அதுதான்.

இப்போது உங்கள் இரண்டு பாட்டுகள். 'இசபெல்லா' 1989இல் 'சர்ச்' என்ற மலாய் ராக் குழு பாடியது. நானும் அதற்கு அடிமை. ஆனால் அதில் உயரம் இருக்கிறதே தவிர, அது முழுக்குரலை உச்சிக்கு ஏற்றிப் பாடுகிற பாட்டு. அதை வைத்து ஃபால்செட்டோ பழகுவது, நீச்சல் பழக மரம் ஏறுவது மாதிரி. உங்கள் தொண்டை வலிக்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

'ஸ்டேயிங் அலைவ்' சரியான குரல், தப்பான இடம். முதல் வரியிலிருந்து மேலேயே நிற்கிறது, இறங்கி மூச்சு வாங்கத் திண்ணை கிடையாது. வார்த்தையும் வேகம். அதைப் பாடிய பீ ஜீஸ் குழுவின் பாரி கிப்பே அங்கே தொடங்கவில்லை. 1975இல் மயாமியில் 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பதிவின்போது, பாட்டின் கடைசியில் யாராவது சுருதியோடு அலற முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்டிருக்கிறார். பாரி முயன்று பார்த்தார். தனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வயது 28, அதற்குள் பல இசைத்தட்டுகள் போட்டாயிற்று. ஒரு பாட்டின் வாலில் நாலைந்து அலறல், அவ்வளவுதான் தொடக்கம். 'ஸ்டேயிங் அலைவ்' வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அந்த நாலைந்து அலறலைத்தான் நீங்களும் தேட வேண்டும். எங்கே தேடுவது என்பதற்கு எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது கோயில் திருவிழா நாடகத்தில் ஸ்திரீ பார்ட் கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். பகலில் பால் வெட்டு. நல்ல கறுத்த, மீசை வைத்த ஆள். திருவிழாவுக்கு முதல் நாள்தான் மீசையை எடுப்பார். பால் ஸ்டோருக்குப் பின்னால் வாளி கழுவும் இடத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, தேங்காய் நாரால் வாளிக்குள் ஒட்டிய ரப்பரை உரித்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பார். ராஜா வசனத்தையும் அவரே பாடுவார், ராணி பதிலையும் அவரே பாடுவார். ராஜாவுக்கு வாளி அதிரும். ராணி வந்ததும் நாங்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும், அத்தனை சன்னம். நான் ஒருநாள் அவரைப்போல் செய்கிறேன் என்று கத்தியபோது, வாளியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மேல போகப் போக சத்தத்தக் குறைடா. கூட்டுனா கிழிஞ்சுரும்."

எனக்கு இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு உயரத்துக்குப் போகச் சத்தத்தைக் கூட்டுவது. லோரி எஞ்சின் சத்தத்தில் நீங்கள் கட்டாயம் கூட்டியிருப்பீர்கள். தயவுசெய்து வண்டியில் பழகுவதை நிறுத்துங்கள்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். டூயட்டை எடுங்கள், இரண்டு பகுதியையும் நீங்களே பாடுங்கள். உங்களுக்கு டிஎம்எஸ் கைவந்தவர், ஆகவே 'பாசமலர்' படத்தின் 'மலர்ந்தும் மலராத'. 1961இல் வந்தது, டிஎம்எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. டிஎம்எஸ் பகுதி உங்கள் சொந்தக் குரல். சுசீலா பகுதி வந்ததும் கள்ளக்குரல். அது முடிந்ததும் மறுபடி கீழே வந்து இளைப்பாறலாம். பீ ஜீஸ் தராத திண்ணை இதில் இருக்கிறது. அதோடு அது தாலாட்டு. தாலாட்டை யாரும் கத்திப் பாட முடியாது, குழந்தை எழுந்துவிடும்.

வேறு டூயட் எடுத்தாலும் பெண் பகுதியைப் பாடிப் பார்த்துவிட்டு எடுங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும். வரி மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறதா என்று கேளுங்கள். கீழிருந்து ஏறும்போதுதான் முழுக்குரலை இழுத்துக்கொண்டு போய் உடைப்போம். மேலேயே மெல்லிசாகத் தொடங்கி இறங்கினால் சேவலுக்கு வேலையில்லை. மேல் சுரத்தில் 'ஊ', 'ஓ' வந்தால் நல்லது, வாய் அகலத் திறக்கும் 'ஆ' முதலில் சிரமம். வார்த்தை தொல்லை கொடுத்தால் முதல் வாரம் முழுக்க 'ஊ' என்றே அந்த வரியைப் பாடுங்கள். ஆந்தை மாதிரி இருக்கும், பரவாயில்லை.

பெண் பகுதி எட்டவில்லை என்றால் தொண்டையை விட்டுவிட்டு டிராக்கைக் குறையுங்கள். கராவோக்கே செயலியிலும் பெட்டியிலும் 'கீ' என்று ஒன்று இருக்கும், ஒருமுறை அமுக்கினால் ஏறத்தாழ அரைக்கட்டை இறங்கும். இரண்டு மூன்று தரம் அமுக்கிப் பாருங்கள். ரொம்ப இறக்கினால் பெண் பகுதியும் உங்கள் சொந்தக் குரலுக்குள் விழுந்துவிடும், அப்புறம் பழக ஒன்றுமிருக்காது. எக்கோவை மூடிவிடுங்கள். அது நன்றாகப் பாடுகிறோம் என்று பொய் சொல்லும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். வலித்தால் அன்றைக்கு நிறுத்தம். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடைகிற இடத்தைப் பற்றி இன்னொன்று. ஜே.பி. சந்திரபாபு பாடும்போது நடுவில் ஒரு கூவல் விடுவாரே, அது யோடலிங். முழுக்குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் வேண்டுமென்றே தாவித் தாவி வருவது. நீங்கள் வெட்கப்பட்ட அதே உடைசலைத்தான் அவர் பாட்டாக்கினார். டூயட் கைவந்த பிறகு விளையாட்டாக முயன்று பாருங்கள், இப்போது வேண்டாம்.

கல்யாணத்துக்குள் முழுப் பாட்டு ஃபால்செட்டோவில் முடியாது. ஒரு டூயட்டில் பெண் பகுதி மட்டும் முடியும் என்று நினைக்கிறேன். மேடையில் ஆள் மாறி மாறிப் பாடினால் உங்களுக்கும் மூச்சு மிஞ்சும். ஆண் பகுதிக்கு மைக்கை அந்த மச்சான் மகன் கையில் கொடுங்கள்.

அன்புடன்.