பிரிட்டிஷ் பேரரசின் வரலாற்றைப் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும் தங்கள் மகள், பிரிட்டிஷ் பேரரசு கடல் கடந்து எப்படிப் பரவியது, பிறகு எப்படி ஒடுங்கியது என்பதைத்தான் படிக்கப் போவதாக உறுதியாக நிற்பதையும், உறவினர்கள் கேட்கும் கேள்விகளால் தாங்கள் கலங்கிப் போயிருப்பதையும் கடிதத்தில் படித்தேன். தங்கள் கவலை நியாயமானது. பி.ஏ. வரலாறு என்ற பட்டம் தனியாக நின்று வேலை வாங்கித் தராது. ஆனால் அந்தப் பாடத்தை மூல ஆவணங்களோடு பழகிப் படித்தவருக்கு வழிகள் உண்டு. தங்கள் மகள் இதில் எந்த வகை மாணவியாக வருவார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1600-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற சாசனம் முதல் 1997-இல் ஹாங்காங் கைமாறியது வரை ஆண்டுகளை மனப்பாடம் செய்ய எந்த வழிகாட்டி நூலும் போதும். பாடத்தின் உயிர் காரணங்களில் இருக்கிறது. 1765-இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. அதன்பின் இந்நாட்டு மக்களின் வரியிலேயே படைக்குச் சம்பளம் கொடுக்கவும் ஏற்றுமதிச் சரக்கு வாங்கவும் அதனால் முடிந்தது. 1783-இல் அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரிட்டன் சுருங்கிவிடாமல், 1786-இல் பினாங்கிலும் 1788-இல் சிட்னியிலும் கால் ஊன்றியதையும் 1796-இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிடித்ததையும் இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புரிந்துகொள்வது கடினம்.

இன்னொரு சங்கிலியைப் பாருங்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அந்தப் பணம் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு பென்னி கூடக் கிடைக்கவில்லை. அதற்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை வந்தது. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஏறிய நம் மக்கள் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தார்கள். நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அங்க அடையாளம் என ஒரு வரி இருக்கிறது. ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய அந்த ஊர்ப் பெயர்களைப் படித்து, எந்த மாவட்டத்து எந்தக் கிராமம் என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஆய்வாளர் வேண்டும். தங்கள் மகளுக்கு இங்கே பிறப்பிலேயே ஒரு தகுதி இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய ஆவணங்கள் இன்றும் நீதிமன்றம் ஏறுகின்றன. 1956-இல் சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் தேசியமயமாக்கியதும் படையெடுத்த பிரிட்டன், அமெரிக்கா பவுண்டைத் தாங்கிப் பிடிக்க மறுத்ததால் பின்வாங்க நேர்ந்தது. இது பலரும் அறிந்த கதை. காலனிகளை விட்டுப் புறப்பட்டபோது, தங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1961-இல் உத்தரவு போனது அந்த அளவுக்குத் தெரியாது. பல கோப்புகள் எரிக்கப்பட்டன; ஆயிரக்கணக்கானவை இங்கிலாந்தின் ஹான்ஸ்லோப் பார்க்கில் பதுக்கி வைக்கப்பட்டன. கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைக்குள்ளான முதியவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தபோது, வரலாற்று ஆய்வாளர்கள் நிபுணர் சாட்சியம் அளித்தார்கள். 2011-இல் அந்தக் கோப்புகள் வெளிவந்தன. 2013-இல் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு தர அரசு உடன்பட்டது. இந்தப் படிப்பு யாருக்குப் பயன்படும் என்று உறவினர்கள் மறுபடி கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி வேலைக்கு வருவோம். அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வுடன் பி.எட். வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கல்லூரி ஆசிரியராக நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி தேவை. நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் முனைவர் பட்ட ஆய்வின்போது தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் காலனியாதிக்கமும் அதன் முடிவும் பாடத்திட்டத்திலேயே உள்ளன. ஆவணப் பாதுகாப்பில் நாட்டமிருந்தால் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பி.ஏ.வுக்குப் பின் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் போகலாம். மொரீஷியஸிலிருந்து 1965-இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் பிரித்தது பற்றி 2019-இல் சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்தைப் படித்துப் பார்த்தால், வரலாறும் சட்டமும் எங்கே சந்திக்கின்றன என்பது அவருக்கே விளங்கும்.

முடிவெடுக்கும் முன் அவருக்கு ஒரு சோதனை வையுங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகளும் ஆலோசனைக் குறிப்புகளும் அச்சில் வந்திருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு மாதத்துப் பதிவுகளைப் படித்து, எழுதியவருக்கு என்ன தேவைப்பட்டது, எதை அவர் எழுதாமல் விட்டார் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பழைய ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி எழுதி முடித்தாரானால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். நான்கு நாளில் சலித்துப் போனால், அவருக்குப் பிடித்தது கதைதான், படிப்பு அல்ல என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சேர்ந்த பிறகு முதலாண்டிலிருந்தே ஆங்கில வாசிப்பை வலுப்படுத்தட்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிப் பதிவுகளோடு டச்சு ஆவணங்களும் இருப்பதால், டச்சு மொழி கற்றவருக்கு அங்கே போட்டி மிகக் குறைவு. பி.எட்., சட்டம், எம்.ஏ. ஆகியவற்றில் எது என்பதை இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் முடிவு செய்யுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர வேண்டுமானால் அதற்கான பொது நுழைவுத் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.