காவ் யாருக்காக வேலை செய்தார்?

கேள்வி: இலங்கையில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஆயுதம் தூக்கியதற்கு, இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான றோவைத் தொடங்கிய ஆர்.என். காவ்தான் காரணம் என்கிறார் ஒரு நண்பர். காவ் இருந்திருந்தால் இந்தியா எங்களைக் கைவிட்டிருக்காது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இருவருமே பிழை.

காவ் 1918இல் பனாரஸில் பிறந்த காஷ்மீரப் பண்டிதர். பிரிட்டிஷ் காலத்திலேயே பொலிஸில் சேர்ந்தவர். 1955இல் பாண்டுங் மாநாட்டுக்குச் சீனப் பிரதிநிதிகளை ஏற்றிச்சென்ற ஏர் இந்தியா விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டபோது, அந்த விசாரணைக்கு நேரு அனுப்பியது இவரைத்தான். சீனாவுடனான 1962, பாகிஸ்தானுடனான 1965 யுத்தங்களில் உளவுத்துறை கோட்டை விட்டதால் இந்திரா காந்தி 1968 செப்டம்பரில் றோவை உருவாக்கி இவரிடம் கொடுத்தார். தொடக்கத்தில் ஏறக்குறைய 250 பேர்தான். மூன்றே ஆண்டில், கிழக்குப் பாகிஸ்தானின் விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி, பிறகு பங்களாதேஷ் என்ற புதிய நாடு. திறமைசாலி, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் திறமை முழுவதும் இந்திய அரசுக்குச் சொந்தமானது. 1971இல் இந்தியா தன் வான்வழியை மூடியதும், மேற்குப் பாகிஸ்தானிலிருந்து டாக்கா போன விமானங்கள் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. இந்தத் தீவு தங்களுக்கு எதிராகவும் பயன்படலாம் என்ற டெல்லியின் கவலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிறகு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனா அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் எங்கள் ஆயுத இயக்கங்களுக்கு டெராடூன் பக்கம் பயிற்சி கொடுத்தார்களே, அதில் எங்கள் கண்ணீருக்கு இருந்த இடத்தைவிடக் கொழும்பை வழிக்குக் கொண்டுவரும் கணக்குக்கே இடம் அதிகம். முடிவு இந்திராவுடையது. காவ் 1977இலேயே றோவை விட்டுப் போய்விட்டார். 1983இல் அவர் இந்திராவின் பாதுகாப்பு ஆலோசகர், றோவின் தலைவர் சக்சேனா. காவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடங்கிவைத்தவர் அவர் என்பதைத்தான் மறுக்கிறேன். யாழ்ப்பாண மேயர் துரையப்பா இயக்க இளைஞர்களால் சுடப்பட்டது 1975இல். அதற்கு முன்னே 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் இருக்கிறது, 1958 கலவரம் இருக்கிறது, தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட பல்கலைக்கழகத் தரப்படுத்தல் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டிவிட்டு டெல்லியில் இருந்த ஓர் அதிகாரியிடம் கதையைத் தொடங்கினால் யாருக்கு வசதி? இங்கே சட்டம் போட்டவர்களுக்கும் கடைகளை எரித்தவர்களுக்கும்தான். எங்கள் இளைஞர்களும் தாங்களாக எதையும் யோசிக்காத பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் எடுத்த நல்ல முடிவும் கெட்ட முடிவும் அவர்களுடையவை. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டாவது நண்பர். காவ் எல்லாம் வல்லவர் இல்லை. அவர் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தபோதுதான் இந்திரா சொந்த மெய்க்காவலர்களாலேயே கொல்லப்பட்டார். காவ் இருந்திருந்தால் என்கிறார் உங்கள் நண்பர். காவ் இறந்தது 2002 ஜனவரியில். 1987இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் எங்கள் வீடுகள் மீது ஷெல் அடித்தபோதும், 1990இல் அது கப்பலேறியபோதும் அவர் உயிரோடுதான் இருந்தார்.