பெட்டியில் முத்திரை இருக்கிறது, எண் இருக்கிறதா?

ப்ளூடூத், வைஃபை, வாக்கி-டாக்கி என வானலையில் பேசும் கருவிகளை வாங்குவோர் அரசு ஒப்புதலைப் பற்றிக் கேட்டு அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: இணையத்தில் ஒரு ப்ளூடூத் ஒலிபெருக்கி வாங்கினேன். பெட்டியின் பின்புறம் சி.இ., எஃப்.சி.சி. என்று இரண்டு முத்திரைகள் உள்ளன. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சோதித்துத் தேர்ச்சி அளித்த பொருள் என்று நம்பலாமா?

அந்த இரண்டு முத்திரைகளை மட்டும் வைத்து நம்ப முடியாது.

சி.இ. என்பது, பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்கு இணங்குகிறது என்று சொல்லும் முத்திரை. அதை எந்த அரசு அலுவலகமும் கொடுப்பதில்லை. தயாரிப்பாளரே அச்சிட்டுக்கொள்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/53 நெறியாணை வானலைக் கருவிகளிடம் மூன்றைக் கேட்கிறது: உடல்நலமும் பாதுகாப்பும், பிற மின்கருவிகளுக்கு இடையூறு இல்லாமை, அலைக்கற்றையை வீணாக்காமை. இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையப் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது. ஒன்றியம் ஏற்ற தரநிலைகளை முழுமையாகப் பின்பற்றிய தயாரிப்பாளர் தாமே உறுதிமொழி எழுதி முத்திரை பதிக்கலாம். ஆனால் சோதனை ஆவணங்களை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உறுதிமொழியின் முழு வாசகம் கிடைக்கும் இணைய முகவரியையாவது கருவியோடு தர வேண்டும். கையேட்டில் அந்த முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே வானலைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்தான் எஃப்.சி.சி. கணினித் திரை போல, அலை பரப்புவதை நோக்கமாகக் கொள்ளாத கருவிகளுக்குப் பொறுப்பேற்பவரின் உறுதிமொழி போதும். எஃப்.சி.சி. முத்திரை அந்த வழிக்கு உரியது. அதுவும் இன்று கட்டாயமில்லை. ப்ளூடூத் போல வேண்டுமென்றே அலை பரப்பும் கருவிக்குச் சான்றிதழே வேண்டும். ஏற்பு பெற்ற ஆய்வகம் சோதித்து அறிக்கை தர, சான்றளிப்பு அமைப்பு அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் வழங்கும். அப்படி ஒப்புதல் பெற்ற கருவிக்கு உரியதுதான் எஃப்.சி.சி. ஐடி என்ற எண். உங்கள் ஒலிபெருக்கியின் உடலிலோ, மிகச் சிறியதென்றால் கையேட்டிலோ அந்த எண் இல்லாவிட்டால், முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

எண் இருந்தால் வேலை எளிது. எண்ணின் முற்பகுதி நிறுவனத்தைக் குறிக்கும்: எழுத்தில் தொடங்கினால் முதல் மூன்று இடங்கள், இலக்கத்தில் தொடங்கினால் முதல் ஐந்து. மீதி, பொருளைக் குறிக்கும். எஃப்.சி.சி. தளத்தின் தேடலில் இட்டால் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர், சோதனை அறிக்கைகள், கருவியின் வெளிப்படங்கள், பல நேரம் உட்புறப் படங்கள்கூடக் கிடைக்கும். அரசு இவ்வளவு திறந்து வைத்திருக்கும் கோப்பை வாங்குவோர் ஏறக்குறைய யாருமே திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை நான் வாங்கியபோது, அதிலிருந்த எண்ணைத் தேடினேன். திரையில் வந்தது ஒரு பொம்மைக் காரின் தொலை இயக்கி. மணி அன்றே திரும்பிப் போனது.

கனடாவில் 'ஐ.சி.' என்று தொடங்கும் எண்ணை அந்நாட்டு அரசின் வானலைக் கருவிப் பட்டியலில் தேடலாம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஜப்பானில் கிடெக்கி என்ற அந்நாட்டு ஒப்புதல் முத்திரையும் அதனருகே எண்ணும் இருக்கும்.

சி.இ. முத்திரையின் இரண்டு எழுத்துகளும் நெருங்கியிருந்தால் அது 'சீன ஏற்றுமதி' முத்திரை என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றிவருகிறது. அப்படி ஓர் அதிகாரபூர்வ முத்திரை கிடையாது. நெருங்கிய எழுத்து தவறாக அச்சிட்ட சி.இ. முத்திரைதான். அதைக் கண்டால் ஆவணங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் அப்படி என்னதான் சோதிக்கிறார்கள்? சோதித்தது ஒரு மாதிரியை. என் கைக்கு வருவது வேறொன்று அல்லவா?

சுவர் முழுவதும் கூம்பு வடிவ நுரைப்பஞ்சு பதித்த அறையைக் கற்பனை செய்யுங்கள். அலைகள் சுவரில் பட்டுத் திரும்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. நடுவில் சுழலும் மேசை மேல் கருவி. பெரும்பாலும் மூன்று மீட்டர் தள்ளி ஓர் ஆன்டெனா, ஒரு மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். எந்தத் திசையில், எந்த உயரத்தில் அலை மிகக் கடுமையாக வருகிறதோ அந்த அளவே கணக்கில் சேரும். கருவியை அதன் முழு வலுவில் ஓயாமல் பேச வைத்துத்தான் அளப்பார்கள்.

ப்ளூடூத்துக்கும் வைஃபைக்கும் உரிய 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான இடத்துக்குள் வலு எவ்வளவு என்று பார்ப்பது பாதி வேலை. அந்த வேலியைத் தாண்டி என்ன கசிகிறது என்பதே மறுபாதி. அமெரிக்க விதிப்படி அடிப்படை அதிர்வெண்ணின் பத்தாவது மடங்கு வரை, அதாவது 24 கிகாஹெர்ட்ஸுக்கும் மேல் வரை தேடுகிறார்கள். கசிவு போய் விழும் இடத்தில் செயற்கைக்கோள் பேசிக்கொண்டிருக்கலாம், வானூர்தி வழி கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால்தான் சில அலைவரிசைகளைத் தனியே காப்பிடங்களாகக் குறித்து, அங்கே மிகக் குறைந்த கசிவையே அனுமதிக்கிறார்கள். ஒலிபெருக்கியின் இசை இனிமையா, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் இந்தச் சோதனையில் இல்லை. ஒப்புதல் எண்ணைத் தரச் சான்றாக விளம்பரப்படுத்தும் கடையை நம்பாதீர்கள்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் மிகவும் நியாயமானது. சோதனைக்குப் போவது ஒரு சில மாதிரிகள். அதன் பிறகு மலிவான வடிகட்டியோ வேறு ஆன்டெனாவோ சேர்ந்தால், எண் பழையதாகவே இருக்கும், கருவி வேறாகிவிடும். இதைப் பிடிக்கத்தான் சந்தையில் விற்கும் பொருளை வாங்கி மறுபடியும் சோதிக்கும் முறை இருக்கிறது. பிரான்சின் அலைவரிசை ஆணையம் அப்படிச் சோதித்து, ஐபோன் 12-இன் விற்பனையை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. கையில் பிடிக்கும் நிலைக்கான உறிஞ்சு வீத வரம்பு, அதாவது அலையின் ஆற்றலை உடல் உறிஞ்சும் அளவுக்கான வரம்பு, கிலோகிராமுக்கு 4 வாட். அவர்கள் அளந்தது 5.74. அந்தப் போன் அப்போது சந்தைக்கு வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மென்பொருள் புதுப்பிப்பு மூலம் ஆப்பிள் அதைச் சரிசெய்தது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒரு ஜோடி வாக்கி-டாக்கியும் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்றும் தந்தார். இரண்டிலும் எஃப்.சி.சி. எண் முறையாக இருக்கிறது. நான் இருப்பது ஐரோப்பாவில். பயன்படுத்தலாமா?

இரண்டையும் பெட்டியிலேயே வையுங்கள். அன்போடு கொடுத்த பரிசு, ஆனால் அதன் ஒப்புதல் கடல் தாண்டாது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்து அலைவரிசைகளைப் பங்கிட்டிருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி ஒதுக்குகிறது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பேசும் குடும்ப வாக்கி-டாக்கிகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. சில சேனல்களில் 2 வாட் வரை போகலாம். ஐரோப்பாவில் அதே வேலைக்கு ஒதுக்கியது 446.0 முதல் 446.2 வரை, அரை வாட், கழற்ற முடியாத ஆன்டெனா. இந்தியாவும் 2018இல் அதே 446.0-446.2 பகுதியை உரிமம் இல்லாப் பயன்பாட்டுக்குத் திறந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் அரட்டை அடிக்கும் இடம் இன்னொரு நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கோ அவசர சேவைக்கோ உரியதாக இருக்கலாம்.

தொலைபேசி இன்னும் மோசம். டெக்ட் என்பது கம்பியில்லாத் தொலைபேசிகளுக்கான தரநிலை. பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று எழுதியிருந்தால் அது 1920-1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஐரோப்பிய டெக்ட் 1880-1900இல் இருக்கிறது. 1920க்கு மேலே உள்ள பகுதியில் அங்கே கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசுகின்றன. தொலைவில் இருக்கும் கைபேசியின் மெல்லிய குரலைக் கேட்கக் காது தீட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தின் அருகே உங்கள் வரவேற்பறைத் தொலைபேசி கத்தும். தெரு முழுவதும் அழைப்புகள் அறுபடும். காரணம் யாருக்கும் புரியாது. கைபேசி நிறுவனம் அளவியுடன் தேடிக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டும் வரை உங்களுக்கும் தெரியாது.

இணையக் கடைகளில் வாக்கி-டாக்கி வாங்கும் இந்திய வாசகர்களுக்கு ஒரு சொல். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அலைவரிசை எது, உரிமம் தேவையா, இ.டி.ஏ. உண்டா என்பவற்றைப் பொருளின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இவை இல்லாத பக்கத்தில் வாங்காதீர்கள்.

கேள்வி: என் வைஃபை ரூட்டரின் வீச்சு போதவில்லை. அமைப்பில் நாட்டை மாற்றினால் வலு கூடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். மேலும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு சில நேரம் பத்து நிமிடம் கழித்தே வருகிறது. பழுதா?

நாட்டை மாற்றாதீர்கள். வலு வரம்பு நாட்டுக்கு நாடு வேறு என்பது உண்மைதான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா ஆன்டெனாவுக்கு 1 வாட் வரை விடுகிறது. ஐரோப்பா ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 100 மில்லிவாட்டோடு நிறுத்துகிறது. ஆனால் ரூட்டர் உரக்கப் பேசினால் மட்டும் போதாது. உங்கள் கைபேசியின் பதில் பழைய மெல்லிய குரலில்தானே வரும்? வீச்சு கூடாமல் பக்கத்து வீட்டுக்காரர் இணைப்புத்தான் கெடும். ரூட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில் வைத்துப் பாருங்கள்; போதாவிட்டால் இரண்டாவது முனை ஒன்றைச் சேருங்கள்.

பத்து நிமிடக் காத்திருப்பு பழுதாக இருக்க வாய்ப்பில்லை. 5 கிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதியில் ரேடார்கள் முதல் உரிமைக்காரர்கள். அங்கே நுழையும் ரூட்டர் முதலில் 60 விநாடி வாய் திறக்காமல் கேட்க வேண்டும். வானிலை ரேடார்கள் இருக்கும் 5600-5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஐரோப்பிய விதி 10 நிமிடம் கேட்கச் சொல்கிறது. பேச்சின் நடுவே ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் வெளியேற வேண்டும். இந்த விதி வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் போர்ட்டோ ரிக்கோவில் 2009இல் நடந்ததைக் கேட்க வேண்டும். விமான நிலையம் அருகே தரையிறங்கும் விமானத்துக்கு ஆபத்தான காற்றுத் திருப்பங்களைக் கண்டு சொல்லும் ரேடாரில் இடையூறு தோன்றியது. தேடிப் போனபோது 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய உரிமமில்லாத வெளிப்புற இணையக் கருவிகள் அகப்பட்டன. அதன் பின்னர், 2014இல், வாங்கியவர் அலைவரிசையையும் வலுவையும் மாற்ற முடியாதபடி மென்பொருளைப் பூட்ட வேண்டும் என்று எஃப்.சி.சி. விதி செய்தது. காத்திருக்க விருப்பமில்லையென்றால் 36 முதல் 48 வரையான சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இந்தக் காவல் கிடையாது.

கேள்வி: வீட்டுக்குள் கைபேசி சமிக்ஞை இல்லை. இணையத்தில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கலாமா?

உங்கள் கைபேசி நிறுவனத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

உள்ளே ஓர் ஆன்டெனா, வெளியே ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி. உள்ளிருப்பது பேசுவதை வெளியிருப்பது கேட்டுவிட்டால், ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தது போல ஊளைச் சத்தம் கிளம்பும். அந்த ஊளை கோபுரத்தை மூடிவிடும். உங்கள் பகுதியில் ஆம்புலன்ஸுக்கு அழைப்பவரின் குரலும் அதற்குள் மூழ்கும். அமெரிக்கா 2013இல் வீட்டுப் பூஸ்டர்களுக்குத் தனி விதி செய்தது: ஊளையை உணர்ந்து தானே அடங்க வேண்டும், கோபுரம் அருகில் இருந்தால் வலுவைக் குறைக்க வேண்டும், வாங்கியவர் நிறுவனத்திடம் பதிவுசெய்ய வேண்டும். மலிவுப் பூஸ்டரை வாங்குவதற்கு முன் வைஃபை வழி அழைப்பு உங்கள் கைபேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும்.

கேள்வி: வாங்கிவிட்டேன். எண் இல்லை, கடைக்காரர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார். இனி என்ன செய்வது?

வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். கருவியின் பெயர்ப்பலகை, பெட்டியின் எல்லாப் பக்கங்கள், விற்பனைப் பக்கம் மூன்றையும் படம் எடுங்கள். விற்பனைப் பக்கம் ஒரே நாளில் மறைந்துவிடலாம். பிறகு ஒப்புதல் எண்ணையோ இணக்க உறுதிமொழியின் நகலையோ கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். உறுதிமொழியில் மாதிரி எண், பின்பற்றிய தரநிலைகள், கையெழுத்திட்டவர் பெயர், தேதி ஆகியவை இருக்க வேண்டும்; மாதிரி எண் உங்கள் கருவியில் உள்ளதோடு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. "இன்ன எண் அடங்கியது" என்று எழுதியிருந்தால் உள்ளிருக்கும் சிறு வானலைப் பலகைக்கு மட்டும் ஒப்புதல் உண்டு என்று பொருள். அது முறையானதுதான், ஆனால் அந்தப் பலகையோடு சோதித்த வகை ஆன்டெனாதான் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கழற்றி மாட்டும் பெரிய ஆன்டெனாவைக் கடைக்காரர் கூடவே கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சட்டப்படி விற்கக் கூடாத பொருளுக்குத் 'திரும்பப் பெறுவதில்லை' என்ற பலகை செல்லாது என்று வாதிட உங்களுக்கு முழு இடம் உண்டு. அதே படங்களை உங்கள் நாட்டின் அலைக்கற்றை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். அதுவரை கருவியை இயக்க வேண்டாம். இடையூறு நேர்ந்தால், விற்றவரை விட்டுவிட்டு இயக்கியவரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.