விமான ரிவெட்: எந்த இடத்தில் எந்த உலோகம்?

டப்பாவில் ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும், தலையும் தண்டும் கொண்ட உலோக ஆணிகள்) கலந்துவிட்டன. பிரிப்பது எப்படி?

தலையைப் பாருங்கள், அங்குள்ள குறி அலுமினிய வகையைச் சொல்லும். எண் அந்த வகையின் பெயர், ஏடி, டி போன்றவை அதன் எழுத்துக் குறி. நடுவில் சிறு குழி இருந்தால் 2117, அதாவது ஏடி. மேடான ஒற்றைப் புள்ளி 2017 (டி). மேடான இரு கோடுகள் 2024 (டிடி). மேடான கூட்டல் குறி 5056 (பி). குறியே இல்லாத மொட்டைத் தலை 1100; மிக மென்மையானது, சுமை தாங்கும் இடத்தில் கூடாது. நிறத்தை நம்ப வேண்டாம், அது மேற்பூச்சைத்தான் காட்டும்.

இறக்கையில் 5/32 அங்குல டிடிக்குப் பதில் அதே அளவு ஏடி போடலாமா?

கூடாது. வெட்டு வலிமை (தகடுகள் எதிரெதிரே இழுக்கும்போது தண்டு அறுபடாமல் தாங்கும் அளவு) டிடிக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 41,000 பவுண்டு, ஏடிக்கு 30,000. கால் பங்குக்கு மேல் போய்விடும்.

அமெரிக்காவின் ஏசி 43.13-1பி கையேடு, பொதுப் பழுதுகளில் விட்டத்தை 1/32 அங்குலம் கூட்டி ஏடி போட அனுமதிக்கிறது. 5/32 வரையான டிடிக்கும் 3/16 வரையான டிக்கும்தான் இந்தச் சலுகை. உங்களுக்கு 3/16 ஏடி வேண்டும். அதற்கு 11-ஆம் எண் டிரில். துளைக்கும் முன் அளந்துவிடுங்கள்: துளை மையத்திலிருந்து தகட்டு விளிம்பு 3/8 அங்குலமாவது, அடுத்த ரிவெட்டின் மையம் 9/16 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். தலை தகட்டோடு சமமாக அமரும் ரிவெட் என்றால் விளிம்புக்கு இன்னும் கூடுதல் இடம் தேவை. இடமில்லையா, டிடி வரும்வரை காத்திருங்கள். விமானத்தின் சொந்தக் கையேடு வேறு சொன்னால் அதுதான் செல்லும்.

டிடி அடிக்கும்போது வால் (அடித்ததும் தட்டையாகும் மறுமுனை) ஓரம் வெடிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். சூடாக்கி நீரில் அமிழ்த்திய 2024, அறை வெப்பத்தில் 10 நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். 2017 சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். அதனால்தான் உறைநிலைக்குக் கீழே வைக்கிறார்கள். அங்கேயும் இரண்டு வாரம் வரைதான்.

10 நிமிடத்தில் அடிக்க முடிந்த அளவே வெளியே எடுங்கள். மிஞ்சியதைத் திரும்ப உள்ளே போடாதீர்கள்: பாதி இறுகியது நல்லதோடு கலந்தால் பார்வையில் தெரியாது. தனி டப்பாவில் சேர்த்து, மறுபடி வெப்பப் பதம் கொடுங்கள். ஏடிக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை, வாங்கியபடியே அடிக்கலாம்.

மக்னீசியம் தகட்டுக்கு?

5056. தாமிரம் கலந்த 2117, 2024 எல்லாம் ஈரம் பட்டால் மக்னீசியத்தை அரித்துவிடும்.

கார்பன் ஃபைபருக்கு அலுமினிய ரிவெட்?

வேண்டாம். ஈரம் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். டைட்டானியம் தண்டும் மென்மையான டைட்டானியம்-நியோபியம் வாலும் கொண்ட ரிவெட் சரியானது. சுத்தியல் துப்பாக்கியால் அடித்தால் தண்டு துளைக்குள் பருத்து அடுக்குகளைப் பிரிக்கலாம். அழுத்திப் பதிப்பதே நல்லது.