58 வயதில் ஸ்னோமொபைல் ஏறலாமா?

கேள்வி: நோர்வேயில் இருக்கும் மகன் ஜனவரியில் வடக்கே இருக்கும் ட்ரொம்சோ நகரத்துக்குக் கூட்டிப்போய், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் ஏற்றப் போகிறானாம். எனக்கு 58 வயது, மார்கழிப் பனிக்கே சால்வை போர்த்துகிறவள். போகலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஓட்டுகிறவருக்குத்தான் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், நீங்கள் மகனுக்குப் பின்னால் இருந்து இறுகப் பிடித்தால் போதும். முன்னால் வழிகாட்டி போவார், மற்ற வண்டிகள் எல்லாம் அவருடைய தடத்திலேயே வரிசையாகப் போகும். தடித்த மேலுடுப்பு, சப்பாத்து, ஹெல்மெட் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், ஆனால் உள்ளே போடுவது உங்கள் பாடு. பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வை ஊறினால் காயாமல் உடம்பைக் குளிரவைத்துவிடும், கம்பளிதான் சரி. கழுத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் விரலளவு தோல் தெரிந்தாலும் ஓடும்போது காற்று ஊசிபோலக் குத்தும். ஃபோனை உள்பையில் வையுங்கள், குளிரில் பட்டரி சட்டென்று இறங்கிவிடும். முதுகு நோவு இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், மேடுபள்ளத்தில் வண்டி நன்றாகத் தூக்கிப்போடும்.

அப்புறம், ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழும்பாது, மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் மட்டும்தான். பனிமேல் வெயில் பார்க்க ஆசையென்றால் மார்ச்சில் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.