பழைய பாப் இசை இதழ்களை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? மறந்துபோன இசைக்குழுக்களை அவற்றில் எப்படித் தேடுவது?

அட்டைப்படத்துக்காக வாங்காதீர்கள். அட்டையில் வந்தவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். யாருக்கும் நினைவில்லாத குழுக்கள் சிங்கிள்ஸ் (ஓரிரு பாடல் மட்டும் உள்ள இசைத்தட்டு) விமர்சனத்திலும், அந்த வார நிகழ்ச்சிப் பட்டியலிலும், வரி விளம்பரங்களிலும்தான் கிடப்பார்கள். அந்தப் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பிரிட்டிஷ் இதழ்களில் கத்தரி படாத பிரதி கிடைப்பது கஷ்டம். நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற வார இதழ், சுருக்கமாக என்.எம்.இ., 1981இல் வெளியிட்ட சி81 கேசட்டை வாங்க இதழில் வந்த கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டியிருந்தது. கூப்பன் போனால் அதன் பின்பக்கத்தில் இருந்ததும் போச்சு. ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாப் இதழில் பாடல் வரிகளையும் நடுப்பக்கப் படத்தையும் கிழித்திருப்பார்கள். 1980 முதல் 1983 வரை வந்த ஃப்ளெக்ஸிபாப் இதழ் என்றால் அதோடு வந்த மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்டேப்ளர் பின் அடித்த இதழை விற்பவரிடம், நடுப்பக்கத்தைப் பின் தெரியும்படி விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 64 பக்க இதழில் நடுவில் 32, 33 தெரிய வேண்டும். 30க்கு எதிரே 35 இருந்தால் நடுத்தாள் போய்விட்டது. 9, 10ஆம் பக்கத் தாளைக் கிழித்திருந்தால், அதோடு ஒட்டிய 55, 56 பிடிமானமில்லாமல் தனியே ஆடும்.

என்.எம்.இ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் மூன்றும் நெடுங்காலம் நியூஸ்பிரிண்டில், அதாவது செய்தித்தாள் காகிதத்தில், வந்தவை. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். அமிலம் ஊறி முதலில் மடிப்பில்தான் தாள் பொடியும். அதனால் மடிப்பை விரித்து, அமிலமில்லாத அட்டை மேல் படுக்கவைத்து, பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறையில் இருட்டில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் மையை இழுத்துக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். டேப் உதிர்ந்த பிறகும் மஞ்சள் கறை போகாது. துருப்பிடித்த பின்னை அப்படியே இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். உள்பக்கத்தில் அதன் கால்களை மெல்லிய தகடால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். வழவழப்பான தாள் நனைந்து ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது என்பதால் ஈரமான இடம் ஆகவே ஆகாது.

ஸ்கேன் செய்யும்போது பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. பொடி எழுத்துக்கு 300 டி.பி.ஐ.க்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது.

தேடிப் பழக நல்ல இடம் 1986. அந்த ஆண்டு என்.எம்.இ. வெளியிட்ட சி86 கேசட்டில் 22 குழுக்கள். ப்ரைமல் ஸ்க்ரீமையும் வெட்டிங் பிரசென்ட்டையும் இன்றும் கேட்கிறார்கள். போக்ஷெட், ஸ்டம்ப், மெக்கென்சீஸ் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? எவ்வளவு அருமையான குழுக்கள்! ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அந்த ஆண்டின் வார இதழ்களில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். பெரிய பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், முதலில் வாசிக்கும் குழுவாக இருப்பார்கள். ஊர், அரங்கு, லேபிள் (இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம்), அந்த நிறுவனம் இசைத்தட்டுக்குக் கொடுத்த பட்டியல் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று குழுக்கள் இருப்பது சகஜம், அவற்றைப் பிரித்துக் காட்டுவது லேபிளும் பட்டியல் எண்ணும்தான். வார இதழ்கள் அட்டைத் தேதிக்குச் சில நாள் முன்பே கடைக்கு வந்துவிடும் என்பதால், அட்டைத் தேதியை இசைத்தட்டு வெளியான நாளாக எழுதிவிடாதீர்கள்.