தீபாவளிப் படமும் வரி பாக்கியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வெள்ளையரல்லாத மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்டு எங்கள் ஊர்ப் பத்திரிகை நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டது. கறுப்பினத்தவர், மெக்சிகோக்காரர்கள், அரபு மக்கள், அப்புறம் நாங்கள் நாலு இந்தியர்கள் போயிருந்தோம். "தீபாவளிப் படங்கள் அனுப்புங்கள், போடுகிறோம்" என்றார்கள். சந்தா படிவமும் கொடுத்தார்கள். ஏனோ மனசு ஒட்டவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

தீபாவளிப் படம் வந்தால் அன்றைக்கு நாலு பேர் வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வார்கள். அதோடு சரி. மறுநாள் அந்தப் பத்திரிகையை எதற்குப் பிரிக்க வேண்டும்?

உங்கள் பக்கத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். வானொலிச் செய்தியாளராக இருந்த சாரா அல்வாரெஸ், 2016-ல் டெட்ராய்ட்டில் அவுட்லையர் மீடியா என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். 211 என்ற உதவி எண்ணுக்கு மக்கள் எதற்காக போன் செய்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தார். குடியிருக்கும் வீடு, கரண்ட் பில், தண்ணீர் பில் இவைதான் பெரிய கவலைகள். உடனே செய்தியைக் குறுஞ்செய்தி ஆக்கிவிட்டார். ஒரு வீட்டின் முகவரியை அனுப்பினால் அது யார் பேரில் இருக்கிறது, வரி பாக்கி எவ்வளவு என்று பதில் வரும். அங்கே மூன்று வருடம் சொத்துவரி கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு ஓனர் வரி கட்டினாரா என்பது எங்கே தெரிகிறது? மாதாமாதம் ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார், ஒருநாள் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பார். அவருக்கு அந்தக் குறுஞ்செய்திதான் செய்தி. அதற்கு மேலும் கேள்வி இருந்தால் நிருபரே அவரோடு பேசுவார். பெரிய கட்டுரைகளும் அந்தப் பேச்சிலிருந்து கிளம்பின.

இப்படி மக்கள் இருக்கும் இடத்துக்கே செய்தியைக் கொண்டுபோவது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ராபர்ட் ஆபட் 1905-ல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையை, ரயிலின் புல்மன் என்ற படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் தெற்கு மாநிலங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனார்கள். முடிவெட்டும் கடையில் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். (நம்மூர் சலூனில் தினத்தந்தி மாதிரி.)

ஒட்டவில்லை என்கிறீர்களே, அதற்குப் பழைய கணக்கும் ஒரு காரணம். 1977-ல் கான்சாஸ் சிட்டி வெள்ளத்தில் 25 பேர் செத்தார்கள், அதில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். அந்த ஊரின் ஸ்டார் பத்திரிகைக்கோ, பிளாசா கடைவீதிக்கு வந்த சேதம்தான் பெரிதாகப் பட்டது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, அதே ஸ்டார்தான். 2020 டிசம்பரில் தன் பழைய இதழ்களைத் தானே புரட்டி, கறுப்பின மக்களைப் பற்றி எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் அச்சிட்டு மன்னிப்புக் கேட்டது. 43 வருடம் தாமதம். ஆனாலும் கூட்டம் போட்டுப் படம் கேட்பதைவிட அதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சந்தாவுக்கு அவசரமில்லை. அடுத்த கூட்டத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள்: போலீஸ் கேஸ் எதுவும் இல்லாத நாளில், போன வருடம் உங்கள் நிருபர் எங்கள் தெருப் பக்கம் எத்தனை முறை வந்தார்? என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.